தரைக்கு அடியில் ஈரமா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

கிரால் ஸ்பேஸ் என்பது வீட்டுத் தரைக்கும் மண்ணுக்கும் நடுவே, ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு விட்டிருக்கும் இடம். பெரும்பாலும் ஒன்றரை அடியிலிருந்து நான்கு அடி உயரம் இருக்கும். தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், ஏசியின் குளிர்காற்று போகும் டக்ட், மின்சார வயர் எல்லாம் அதற்குள்தான் ஓடும். தரையைத் தாங்கும் மரச்சட்டங்களும் அங்கேதான் இருக்கின்றன. கண்ணில் படாத இடம் என்பதால் அங்கே ஈரம் சேர்ந்தால் மாதக்கணக்கில் தெரியாது. தெரியவரும்போது கட்டை மக்க ஆரம்பித்திருக்கும்.

இதில் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. ஈரத்தைப் பார்த்ததும் அது எங்கிருந்து வருகிறது என்று தேடாமல், அதை உறிஞ்ச ஒரு மெஷினை வாங்கி வைத்துவிடுவார்கள். நானும் அதைத்தான் செய்தேன். என் வீட்டில் டீஹியூமிடிஃபையர் இரண்டு மழைக்காலம் ராத்திரி பகலாக ஓடியது. காரணம் வெளியே இருந்தது. கூரைத் தண்ணீரை இறக்கும் குழாயின் கடைசி வளைவு கழன்று, ஒரு செடிக்குப் பின்னால் சுவரை ஒட்டியே கொட்டிக்கொண்டிருந்தது. அதை மாட்டி, நீளமாக ஒரு துண்டுக் குழாய் சேர்த்த பிறகு மெஷின் ஓட வேண்டிய அவசியமே பாதியாகக் குறைந்தது. அதனால்தான் இதை அறிகுறி அறிகுறியாக எழுதுகிறேன். உங்கள் வீட்டில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போய்ப் படிக்கலாம். அடுத்து வரும் இரண்டு பகுதிகளை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

உள்ளே இறங்குவதற்கு முன்

தண்ணீர் தேங்கியிருந்தால், அதில் வயரோ பிளக்கோ மோட்டாரோ படுகிறதா என்று வெளியே இருந்தே டார்ச் அடித்துப் பாருங்கள். படுகிறது என்று சந்தேகம் வந்தாலே இறங்கக் கூடாது. ஈரமில்லாத இடத்தில் நின்றுகொண்டு மெயின் சுவிட்சை அணைக்க முடிந்தால் அணையுங்கள். முடியாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மலக்கழிவு கலந்த தண்ணீர் என்றால் அது பிளம்பர் வேலை, அதில் நீங்கள் தவழ வேண்டாம்.

மற்றபடி N95 மாஸ்க், கண்ணை மூடும் கண்ணாடி, தடித்த கையுறை, முழங்கால் பட்டை, முழுக்கைச் சட்டை போதும். எலிப்புழுக்கை கிடந்தால் உலர்ந்தபடியே துடைப்பத்தால் கூட்டாதீர்கள். தூசியாகக் கிளம்பி மூச்சில் போகும், அதில் நோய்க்கிருமி இருக்கலாம். கிருமிநாசினி தெளித்து நனைத்த பிறகு துணியால் வழித்து எடுங்கள். முக்கியமாக, வாசலில் ஓர் ஆள் நிற்காமல் தனியாக உள்ளே போகாதீர்கள்.

முதலில் ஒரு நோட்டு போடுங்கள்

ஈரம் எப்போது வருகிறது என்பதிலேயே காரணத்தின் பெரும்பகுதி தெரிந்துவிடும். மழை பெய்த சில மணி நேரத்தில் வந்து ஓரிரு நாளில் வற்றினால் அது மேல்மண்ணில் ஓடி வரும் தண்ணீர். மழை நின்று ஒன்றிரண்டு நாள் கழித்து மெதுவாக ஊறி, வாரக்கணக்கில் நின்றால் நிலத்தடி நீர். மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஒரே இடத்தில்தான் ஈரம் என்றால் குழாய்க் கசிவு. வெயில் காலத்தில், அதுவும் காற்றில் புழுக்கம் அதிகமான நாட்களில், எங்கே தொட்டாலும் நசநசவென்று இருந்தால் அது காற்றிலிருந்து வரும் ஈரம்.

இரண்டு மூன்று வாரம் தேதி, மழை, என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். சென்சாரை உள்ளே வைத்துவிட்டு அளவை வீட்டுக்குள்ளேயே பார்க்கிற மாதிரி விலை குறைந்த ஈரப்பத மீட்டர்கள் கிடைக்கின்றன. அதில் ஒன்றைத் தொங்கவிடுங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 70, 80 என்று நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும்.

ஒரே வீட்டில் இரண்டு காரணம் சேர்ந்தும் இருக்கலாம். அப்போது பெரிய தண்ணீரை முதலில் நிறுத்துங்கள். அது நின்ற பிறகுதான் சின்னது எவ்வளவு என்று தெரியும்.

அறிகுறி: மழை பெய்த சில மணி நேரத்தில் தண்ணீர் நிற்கிறது

இதுதான் அதிகம் வருவது, செலவு குறைவாகத் தீர்வதும் இதுதான். ஒரு கணக்குப் பாருங்கள். 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் பெய்தால் 2,500 லிட்டர். அதில் கால்வாசி ஒரே மூலையில் அஸ்திவாரத்தை ஒட்டி விழுந்தாலும் 600 லிட்டருக்கு மேல். அவ்வளவும் மண்ணில் இறங்கி, வழி கிடைத்த இடத்தில் உள்ளே வரும்.

அடுத்த மழை வரும்போது குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். மழை நின்ற பிறகு போவதில் பாதிப் பயன்தான். கூரை விளிம்பில் தண்ணீர் வாங்கும் கட்டர் நிரம்பி வழிகிறதா? இலை அடைத்தால் தண்ணீர் அதன் மேலாகத் தாண்டிச் சுவரடியில் விழும், அந்த இடத்தில் மண்ணில் கோடு போட்ட மாதிரி குழி இருக்கும். இறங்கு குழாய் எங்கே கொட்டுகிறது? சுவரிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளியாவது கொட்ட வேண்டும். மண்ணுக்குள் புதைத்த குழாயில் விட்டிருந்தால் அது உடைந்திருக்கலாம், வேர் புகுந்து அடைத்திருக்கலாம். தோட்டக் குழாயை அதில் செருகித் திறந்துவிட்டு, மறுமுனையில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் உங்கள் கூரைத் தண்ணீர் முழுக்க எங்கே போகிறது என்பது தெரிந்துவிட்டது.

அப்புறம் வாட்டம். சுவரிலிருந்து வெளிப்பக்கமாகத் தரை சரிய வேண்டும், முதல் 10 அடிக்கு 6 அங்குலம் இறக்கம் நல்ல அளவு. இதை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. சுவரடியில் ஒரு குச்சி, 10 அடி தள்ளி ஒரு குச்சி, நடுவில் நூல். நூலை ரசமட்டத்தால் சமமாக்கி, இரண்டு பக்கமும் நூலிலிருந்து தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்தால் போதும். புது வீடாக இருந்தாலும் நம்பாதீர்கள். அஸ்திவாரத்தைச் சுற்றி நிரப்பிய மண் சில வருடங்களில் அமுங்கும், வாட்டம் வீட்டுப் பக்கமே திரும்பிவிடும். நிரப்பும்போது மணல் போடாமல், களி கலந்த, தண்ணீர் சட்டென்று இறங்காத மண்ணைக் கெட்டித்துப் போடுங்கள். ஆனால் காற்றுத் துளைகளையோ மரத்தையோ மண் மூடிவிடக் கூடாது. மரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே சில அங்குலம் இடைவெளி இல்லாவிட்டால் ஈரமும் ஏறும், கரையானும் ஏறும்.

செடிக்குத் தண்ணீர் விடும் ஸ்பிரிங்க்ளர் சுவர் மேல் அடிக்கிறதா என்றும் பாருங்கள். மழை இல்லாமலேயே மழைக்கால அறிகுறி காட்டும் வீடுகளில் பல நேரம் இதுதான் காரணம்.

அறிகுறி: மழை நின்ற பிறகு மண் ஊறிக்கொண்டே இருக்கிறது

வெளியே எல்லாம் சரி செய்தாயிற்று, இன்னும் தரையிலிருந்து தண்ணீர் ஊறுகிறது என்றால் நிலத்தடி நீர் மட்டம் மேலே ஏறுகிறது. இதைச் சுவர்ப் பூச்சால் நிறுத்த முடியாது. உள்பக்கம் அடிக்கும் நீர்த்தடுப்புப் பெயின்ட் வெளியிலிருந்து தள்ளும் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்காது. ஓர் இடத்தில் நின்றால் வேறு இடத்தில் உரிந்து வரும். தண்ணீருக்கு நாமே ஒரு வழி கொடுத்து வெளியே எடுப்பதுதான் தீர்வு.

அந்த வழி, உள்சுவரைச் சுற்றி ஒரு சிறு வாய்க்கால். அதில், தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, துளையிட்ட குழாயைத் துளைகள் கீழ்ப்பக்கம் இருக்கும்படி வைத்து, கழுவிய ஜல்லி நிரப்பி, துணியை மேலே மடித்து மூட வேண்டும். குழாய்க்கு மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் வாட்டம் கொடுத்தால் தண்ணீர் தானாக ஓடும். அது போய்ச் சேரும் தாழ்ந்த மூலையில் ஒரு குழி, அதில் சேரும் தண்ணீரை வெளியே தள்ள சம்ப் பம்ப். துணி இல்லாமல் ஜல்லி போட்டால் சில வருடங்களில் வண்டல் அடைத்துவிடும்.

இதில் ஒரு எச்சரிக்கை. வாய்க்காலை அஸ்திவாரத்தின் அடிப்பாகத்தை விட ஆழமாக, அதை ஒட்டியே வெட்டக் கூடாது. அடிப்பாகத்தின் விளிம்பிலிருந்து 45 டிகிரி சரிவாகக் கீழே ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள மண்தான் வீட்டைத் தாங்குகிறது. அதைத் தோண்டினால் வீடு இறங்கும். உங்களுக்கு இந்த அளவில் சந்தேகம் இருந்தால் இந்த ஒரு வேலையை மட்டும் விஷயம் தெரிந்தவரிடம் விடுங்கள்.

அறிகுறி: பம்ப் இருக்கிறது, இருந்தும் தண்ணீர் ஏறுகிறது

ஒரு வாளித் தண்ணீரைக் குழியில் ஊற்றுங்கள். பம்ப் ஓடவே இல்லையா? பிளக், பிரேக்கர் பார்த்துவிட்டு மிதவையைப் பாருங்கள். குழியின் சுவரில் இடித்து மாட்டிக்கொண்டிருப்பது வழக்கம். உறுமுகிறது, தண்ணீர் போகவில்லை என்றால் கீழே ஜல்லி அடைத்திருக்கும், இல்லாவிட்டால் பம்புக்கும், ஏற்றிய தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வுக்கும் நடுவே காற்று சிக்கியிருக்கும். அந்தத் துண்டுக் குழாயில், குழிக்குள்ளேயே பீய்ச்சும்படி, 3 மில்லிமீட்டர் துளை ஒன்று இருந்தால் காற்று வெளியேறிவிடும். பம்போடு வரும் காகிதத்தில் இதைச் சொல்லியிருப்பார்கள், மாட்டுபவர்கள் மறந்துவிடுவார்கள்.

ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி ஓடி நிற்கிறதா? வால்வு பழுதாகி, மேலே ஏற்றிய தண்ணீர் திரும்பக் குழிக்கே விழுகிறது. அல்லது வெளியே கொட்டும் இடம் சுவருக்கு மிக அருகில், அதே தண்ணீர் மண் வழியாகச் சுற்றி வருகிறது. கொட்டும் முனையைக் குறைந்தது 3 மீட்டர் தள்ளி, வெளிப்பக்கம் சரியும் இடத்தில் விடுங்கள்.

பெருமழைக்கும் கரண்ட் போவதற்கும் நெருங்கிய உறவு உண்டு. பேட்டரியில் ஓடும் இரண்டாவது பம்ப் ஆடம்பரம் இல்லை.

அறிகுறி: மழையே இல்லை, ஓர் இடம் மட்டும் நனைந்திருக்கிறது

தண்ணீர் மீட்டர் இருந்தால் வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீர் தொடக் கூடாது. எண் நகர்ந்திருந்தால் அழுத்தத்தில் இருக்கும் குழாயில் எங்கோ கசிகிறது.

எண் நகரவில்லை என்றால் கழிவுக் குழாய். இது தண்ணீர் விடும்போது மட்டும்தான் கசியும், அதனால்தான் பலருக்குப் பிடிபடுவதில்லை. இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே ஈர இடத்துக்கு மேலே டார்ச் அடித்தபடி படுத்திருக்கட்டும். மற்றவர் மேலே ஒவ்வொன்றாக விட்டுப் பார்க்கட்டும். முதலில் சமையலறைத் தொட்டியை நிரப்பி மொத்தமாகத் திறந்துவிடுங்கள், ஐந்து நிமிடம் பொறுங்கள். பிறகு குளியலறை, பிறகு கழிப்பறை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விட்டால் எது என்று தெரியாது. கழிப்பறைப் பீங்கான் தரையில் உட்காரும் இடத்தைச் சுற்றிப் பலகை கறுத்திருந்தால், அடியில் இருக்கும் சீல் வளையம் போயிருக்கிறது. ஷவருக்கு அடியில் ஈரம் இருந்து, கழிவுக்குழாய் காய்ந்திருந்தால் டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்குகிறது.

குழாயே இல்லாத இரண்டு காரணங்களையும் மறக்க வேண்டாம். ஒன்று, ஏசியின் தண்ணீர் வடியும் டியூப் கழன்று உள்ளேயே சொட்டுவது. மற்றொன்று, துணி உலர்த்தும் மெஷினின் காற்றுக் குழாய் வெளியே போகாமல் கிரால் ஸ்பேஸிலேயே முடிவது. ஒருமுறை துணி உலர்த்தினால் லிட்டர் கணக்கில் தண்ணீர் ஆவியாகி அதற்குள் இறங்கும், கூடவே தீப்பிடிக்கக்கூடிய பஞ்சுத்தூளும். அந்தக் குழாய் வீட்டுக்கு வெளியே போயே ஆக வேண்டும்.

அறிகுறி: தண்ணீர் எங்கும் இல்லை, ஆனால் எல்லாமே வியர்க்கிறது

இங்கேதான் அதிகம் குழம்புகிறோம், எனவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அஸ்திவாரச் சுவரில் காற்றுத் துளைகள் வைப்பது பழைய வழக்கம். 150 சதுர அடித் தரைக்கு 1 சதுர அடித் துளை என்று கட்டட விதிகளே சொல்லி வந்தன. காற்றோட்டம் இருந்தால் காயும் என்பது எண்ணம். ஈரத்துணியைக் காயப்போட்டுப் பழகிய நமக்கும் அது சரியாகத்தான் படும். உலர்ந்த காற்று வீசும் பகுதிகளில் அது உண்மையும்கூட. புழுக்கமான கோடையில் நடப்பது தலைகீழ்.

வெளியே 32 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 60 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்று 24 டிகிரிக்கு ஆறினாலே ஈரப்பதம் 95 சதவீதத்தைத் தொடும். 23 டிகிரியில் அது தாங்க முடியாமல் தண்ணீராகப் படியும். கிரால் ஸ்பேஸில் மண்ணும் சுவரும் ஏசி டக்டும் அதைவிடக் குளிர்ச்சியாக இருப்பது சாதாரணம். ஆக, துளைகளைத் திறந்து வைத்தால் உள்ளே இருப்பதைக் காய வைக்கவில்லை, வெளியே இருக்கும் ஈரத்தை வரவழைத்துக் கொட்டிக்கொண்டிருக்கிறோம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் மேசை மேல் வியர்ப்பதும் இதுவும் ஒன்றுதான்.

உங்கள் சுவரில் தெரியும் ஈரம் காற்றிலிருந்து வந்ததா, மண்ணிலிருந்து கசிந்ததா? ஓர் அடிக்கு ஓர் அடி அலுமினியத் தாளை எடுத்து, சுவரில் ஓர் இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் பனித்துளி மாதிரி நீர் கோத்திருந்தால் காற்றிலிருந்து வந்தது. டேப்பை உரித்ததும் பின்பக்கம் ஈரமாக, சுவரும் கறுத்திருந்தால் சுவர் வழியாக வருகிறது. இரண்டு பக்கமும் ஈரமாக இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

காற்று ஈரம் என்று தெரிந்தால் முதல் வேலை வெறும் மண்ணை மூடுவது. மேலே பார்க்க உலர்ந்த மண்ணும் ஒவ்வொரு நாளும் லிட்டர் கணக்கில் ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். பாலிதீன் ஷீட் 150 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. அவ்வப்போது ஆள் தவழும் இடம் என்றால் 250 முதல் 500 மைக்ரான் வாங்குங்கள், மெலிந்தது முழங்கால் பட்டே கிழியும். கூரான கல், ஆணி, பழைய மரத்துண்டு எல்லாவற்றையும் பொறுக்கிய பிறகு விரியுங்கள். மக்கும் மரம் ஒன்றைக்கூட உள்ளே விடாதீர்கள், கரையானுக்கு அது அழைப்பு. ஷீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஓர் அடி ஏற வேண்டும், இணைப்பில் அதற்கான டேப் ஒட்ட வேண்டும், சுவரிலும் தூணிலும் குறைந்தது அரையடி மேலேற்றி ஒட்ட வேண்டும். நான் பார்த்த பல வீடுகளில் நடுவில் பிரமாதமாக விரித்துவிட்டு, தவழக் கஷ்டமான ஓர மூலைகளை அப்படியே விட்டிருக்கிறார்கள். ஈரம் ஏறுவது பெரும்பாலும் அந்த மூலைகளில்தான்.

குளிர்ந்த தண்ணீர்க் குழாய்களுக்கு ஃபோம் உறை போடுங்கள். ஏசி டக்டின் இணைப்புகளில் குளிர்காற்று கசிந்தால் அந்த இடம்தான் முதலில் சொட்டும். மாஸ்டிக் என்ற பசையைப் பூசி அடைத்து, வெளியே ஆவித்தடுப்பு உறை உள்ள இன்சுலேஷன் சுற்றுங்கள். இந்த இடத்தில் சாதாரணத் துணி டேப் நிற்காது.

அறிகுறி: விரித்த ஷீட்டில் தண்ணீர்

ஷீட்டுக்கு அடியில் பொட்டுப் பொட்டாக நீர்த்துளி ஒட்டியிருந்தால் ஷீட் தன் வேலையைச் செய்கிறது, விட்டுவிடுங்கள். அடியில் தண்ணீர் தளும்பினால் அது நிலத்தடி நீர் அல்லது மழைநீர், மேலே சொன்ன பகுதிகளுக்குப் போங்கள். ஷீட்டுக்கு மேலே குட்டை கட்டியிருந்தால் தண்ணீர் மேலிருந்துதான் விழுந்திருக்கிறது. குழாயையும் டக்டையும் பாருங்கள்.

அறிகுறி: சுவரில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது

எல்லா வெள்ளையும் பூஞ்சை அல்ல. சுவருக்குள் ஊறி வரும் தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து, மேற்பரப்பில் காய்ந்து உப்பை விட்டுவிட்டுப் போகும். கொஞ்சம் சுரண்டி ஒரு சொட்டுத் தண்ணீரில் போடுங்கள். பொடியாக உதிர்ந்து கரைந்தால் உப்பு. பஞ்சு மாதிரி இருந்து கரையாமல் நசுங்கினால் பூஞ்சை. மரத்தில் இருந்தால் அதுவும் பெரும்பாலும் பூஞ்சைதான்.

உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிடலாம், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அது எந்த உயரம் வரை பூத்திருக்கிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். வெளியே மண் எவ்வளவு உயரத்துக்கு ஈரமாகிறது என்பதற்கு அது சாட்சி.

அறிகுறி: வீட்டுக்குள் வாடை

வீட்டில் சூடான காற்று மேலே ஏறி வெளியேறும், அந்த இடத்தை நிரப்பக் கீழேயிருந்து காற்று மேலே இழுபடும். கிரால் ஸ்பேஸில் என்ன இருக்கிறதோ அதன் ஒரு பகுதியை நீங்கள் மூச்சில் இழுக்கிறீர்கள். மக்கிய, பழைய துணி வாடை என்றால் பூஞ்சை. அழுகின முட்டை வாடை என்றால் கழிவுக் குழாயில் ஓட்டை, அல்லது யாரும் பயன்படுத்தாத பாத்ரூமின் தரை ஜாலிக்கு அடியில் வாடையைத் தடுக்க நிற்கும் தண்ணீர் வற்றிப்போயிருக்கிறது, ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சமையல் எரிவாயு உள்ள வீட்டில் அதே வாடை கேஸ் கசிவாகவும் இருக்கலாம். சந்தேகம் வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டு, பிறகு போன் செய்யுங்கள்.

மரத்தில் பூஞ்சை பிடித்திருந்தால் பிளீச் அடிக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிளீச்சில் பெரும்பகுதி தண்ணீர். குளோரின் மேலேயே நின்றுவிடும், தண்ணீர் மரத்துக்குள் இறங்கும். சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, துடைத்து, நன்றாக உலர்த்தி, நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள வேக்யூமால் உறிஞ்சினால் போதும். 10 சதுர அடிக்குள் இருந்தால் வீட்டுக்காரரே செய்யலாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் அளவு. அதற்கு மேல் போனால், அல்லது வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால், ஆள் வைத்துச் செய்யுங்கள். நனைந்து தொங்கும் கண்ணாடி இழை இன்சுலேஷனைக் காய வைத்துத் திரும்ப மாட்ட வேண்டாம், எடுத்துப் போட்டுவிடுங்கள்.

மொத்தமாக அடைத்து மூடலாமா?

துளைகளை அடைத்து, சுவர் வரை ஷீட் ஏற்றி, டீஹியூமிடிஃபையர் வைத்து மூடுவது புழுக்கமான பகுதிகளுக்கு நல்ல முறை. ஆனால் அது கடைசி வேலை. தண்ணீர் வந்துகொண்டிருக்கும் இடத்தை மூடினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகும்.

மூடுவதற்கு முன் மூன்று விஷயம். கேஸ் அல்லது எண்ணெயில் எரியும் ஹீட்டர் உள்ளே இருந்து, அது அந்த இடத்துக் காற்றையே எடுத்து எரிகிறது என்றால் மூடவே கூடாது, கார்பன் மோனாக்சைடு உயிரை எடுக்கும். அதற்கு வெளியிலிருந்து காற்றெடுக்கும் வசதி செய்த பிறகே மூட வேண்டும். மண்ணிலிருந்து வரும் கதிரியக்க வாயுவான ரேடான் உள்ள நிலப்பகுதி என்றால் அளந்து பார்த்து, ஷீட்டுக்கு அடியிலிருந்து கூரைக்கு மேலே போகும் குழாய் வைக்க வேண்டும். சுவரின் மேல் விளிம்பில் 3 அங்குலம் ஷீட் இல்லாமல் விட வேண்டும், கரையானின் மண்தடம் ஏறினால் அங்கேதான் கண்ணில் படும்.

அறைக்குள் வைக்கும் டீஹியூமிடிஃபையர் குளிர்ந்த இடத்தில் காயிலில் பனி பிடித்து நின்றுபோகும். குறைந்த வெப்பத்திலும் ஓடுவதை வாங்குங்கள். தண்ணீர் தானாக வெளியே வடியும்படி டியூப் போடுங்கள். உள்ளே போய் டப்பா காலி செய்யலாம் என்று நினைத்தால் இரண்டாவது வாரத்தில் விட்டுவிடுவீர்கள்.

அறிகுறி: தரை மெத்தென்று அமுங்குகிறது, பலகை ஓரம் தூக்குகிறது

அமுங்கும் இடத்துக்கு நேர் கீழே போய், மரச்சட்டத்தை ஒரு மெல்லிய திருப்புளியால் குத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்த்து நிற்கும், இழுக்கும்போது நீளமான சிம்பு வரும். மக்கின மரத்தில் முனை சத்தமே இல்லாமல் இறங்கும், வருவது சதுரம் சதுரமாக உடையும் தூள். குறிப்பாகச் சட்டங்கள் சுவரில் உட்காரும் முனைகளைக் குத்துங்கள், முதலில் மக்குவது அங்கேதான். கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் தாங்குசக்தி போய்க்கொண்டிருக்கிறது. பக்கத்தில் புதுச் சட்டம் சேர்த்து போல்ட் அடிப்பதும், ஜாக் வைத்துத் தூக்குவதும் அனுபவமுள்ள தச்சர் அல்லது பொறியாளர் பார்க்க வேண்டியவை. ஜாக்கை ஒரே நாளில் வேகமாக ஏற்றினால் மேலே சுவர் விரியும்.

மரம் கெட்டியாக இருந்தும் தரைப் பலகையின் இரண்டு ஓரமும் தூக்கி நடுவில் குழிந்திருந்தால், பலகையின் அடிப்பக்கம் மேல்பக்கத்தை விட அதிக ஈரமாக இருக்கிறது என்று பொருள். முள் குத்திப் பார்க்கும் மர ஈர மீட்டரால் அடியில் அளந்து பாருங்கள். 16 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது, 20-ஐத் தாண்டி நின்றால் மக்கும் அபாயம்.

இந்தப் பலகையை உடனே தேய்த்துச் சமப்படுத்த ஆள் கூப்பிடாதீர்கள். தூக்கிய ஓரங்களைத் தேய்த்துவிட்டால், பிறகு அடி காய்ந்து பலகை நேராகும்போது ஓரம் தாழ்ந்து நடு மேடாகிவிடும். அதற்கு அப்புறம் பலகையை மாற்றுவதைத் தவிர பெரிய வழி இல்லை. முதலில் கீழே ஈரத்தை நிறுத்துங்கள். பெரிய ஃபேன் போட்டு அவசரமாக உலர்த்த வேண்டாம், பலகை வெடிக்கும். வாரம் ஒருமுறை அதே மூன்று நான்கு இடங்களில் மீட்டரால் குத்தி, எண்ணை அந்த நோட்டிலேயே எழுதி வாருங்கள். பல பலகைகள் சில மாதங்களில் தானாகவே படிந்துவிடும். எண் தொடர்ந்து பல வாரம் மாறாமல் நின்ற பிறகும் குழி தெரிந்தால், அப்போது தேய்க்கலாம்.